மணியோசையும் மோட்டாரும்

கொல்கத்தாவின் கை ரிக்ஷாவை பேட்டரி வண்டியாக மாற்றினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? கணக்குப் போடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

மழை விட்டு ஒரு மணி நேரமாகியும் வட கொல்கத்தாவில் டன்டனியா காளி கோயிலைச் சுற்றி தண்ணீர் வடிவதில்லை. ஆம்ஹர்ஸ்ட் தெருவிலும் காலேஜ் தெருவிலும் முழங்கால் வரை நீர். கார்கள் சைலன்ஸரில் தண்ணீர் புகுந்து ஆங்காங்கே நின்றுவிடுகின்றன. டாக்ஸிக்காரர்கள் கையை விரித்துவிடுகிறார்கள். அப்போதுதான் அந்த ஓசை கேட்கும். ஏர்க்காலில் தட்டப்படும் ஒரு சின்ன மணியின் ஓசை. லுங்கியைத் தொடைக்கு மேல் வரிந்து கட்டிய ஒரு மனிதர், இரண்டு பெரிய மரச் சக்கரங்கள் பூட்டிய வண்டியை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வருவார். பள்ளிக்கூடம் விட்ட குழந்தையும் அம்மாவும், டாக்டர் வீட்டுக்குப் போக வேண்டிய முதியவரும், புத்தக மூட்டையோடு நிற்கும் கடைக்காரரும் அவரைத்தான் நம்பி நிற்கிறார்கள்.

மறுநாள் வெயில் அடித்ததும் இதே நகரம் வேறு மாதிரிப் பேசும். மனிதனை மனிதன் இழுப்பதா, இந்தக் காலத்திலுமா என்று கேட்கும். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. சிக்கலும் அதில்தான் இருக்கிறது.

சிக்கலுக்கு எளிய தீர்வாகப் பலரும் சொல்வது மோட்டார். இழுக்கிற வேலையை பேட்டரியிடம் கொடுத்துவிட்டால் மனிதனின் மானமும் காப்பாற்றப்படும், பயணியும் சீக்கிரம் போய்ச் சேருவார் என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் கை வண்டியில் மோட்டார் ஏறும்போது இறங்குவது எது என்று யாரும் நிதானமாகக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

பெயரில் தொலைந்த மனிதன்

ரிக்ஷா பிறந்தது ஜப்பானில், 1869 வாக்கில். அங்கே அதற்கு ‘ஜின்ரிகிஷா’ என்று பெயர். ஜின் என்றால் மனிதன், ரிகி என்றால் வலிமை, ஷா என்றால் வண்டி. மனித வலிமையால் ஓடும் வண்டி என்று பொருள். ஊர் ஊராகப் பரவியபோது நீளமான பெயர் தேய்ந்து ‘ரிக்ஷா’ ஆயிற்று. தேய்ந்துபோன முதல் அசை எது என்று பாருங்கள். மனிதனைக் குறித்த ‘ஜின்’தான் முதலில் உதிர்ந்தது. வலிமையும் வண்டியும் மிஞ்சின.

இந்தியாவில் இது முதலில் தலைகாட்டியது சிம்லாவில், 1880 வாக்கில். கொல்கத்தாவுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் அங்கே குடியேறியிருந்த சீனர்கள். சரக்கு இழுக்கத்தான் முதலில் பயன்படுத்தினார்கள். ஆட்களை ஏற்றிச் செல்ல 1914-ல் அனுமதி கேட்டார்கள். 1919-ல் வாடகை வண்டிகளுக்கான சட்டம் வந்து ரிக்ஷாவுக்கு உரிமமும் எண்ணும் கொடுத்தது. வண்டி சீனர்களுடையதாக இருந்தாலும், காலப்போக்கில் அதை இழுக்க வந்தவர்கள் பெரும்பாலும் பீகார் கிராமத்து ஏழைகள். நிலம் இல்லாதவர்கள், நிலம் கடனில் போனவர்கள். பிமல் ராய் 1953-ல் எடுத்த ‘தோ பிகா ஜமீன்’ படத்தில் பல்ராஜ் சஹானி இழுத்தது அவர்களுடைய வண்டியைத்தான்.

இன்றும் ஏற்பாடு அதிகம் மாறவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் ஒருவர். பல வண்டிகளைக் கவனிக்க அவருக்கு ஒரு சர்தார். வண்டி நிறுத்துமிடமும் பழுது பார்க்குமிடமும் படுக்குமிடமும் ஒன்றாக இருக்கும் கொட்டடிக்கு ‘டேரா’ என்று பெயர். இழுப்பவர் அங்கே தங்கி, அன்றாடம் வாடகை கட்டி, மிச்சத்தை ஊருக்கு அனுப்புகிறார். விதைப்புக்கும் அறுவடைக்கும் ஊர் போய்த் திரும்புகிறார். வங்காளிகள் இதை ‘டானா ரிக்ஷா’ என்கிறார்கள், இழுக்கும் ரிக்ஷா என்ற பொருளில். இழுப்பவர் பெயர் இதிலும் இல்லை.

குதிரைக்கு அடுத்து

இழுப்பவரை மாற்றுவது கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் இங்கே பல்லக்குதான் வாகனம். தூக்கியவர்கள் பெரும்பாலும் ஒரிய நாட்டினர். புதிய விதிகளை எதிர்த்து 1827-ல் அவர்கள் பல்லக்கைக் கீழே வைத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் முதல் வேலைநிறுத்தங்களில் ஒன்றாக அது பேசப்படுகிறது. நகரம் தவித்தது. தவிப்பில் பிரௌன்லோ என்ற வெள்ளைக்காரர் தன் பல்லக்குக்குச் சக்கரம் பூட்டி முன்னால் ஒரு குதிரையைக் கட்டினார் என்றும், ‘பிரௌன்பெரி’ என்ற வண்டி பிறந்தது அப்படித்தான் என்றும் ஊரில் கதை உண்டு.

1873-ல் டிராம் வந்தபோது அதையும் குதிரைகளே இழுத்தன. கொல்கத்தாவின் புழுக்கம் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் நீராவி இன்ஜினை முயன்று பார்த்தார்கள். 1902-ல் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்ப்பூருக்கு மின்சார டிராம் ஓடியது. மோட்டார் வந்தது, குதிரை போனது. யாரும் வருந்தவில்லை.

ஆனால் குதிரைக்கு ஊரில் குடும்பம் இல்லை. அதற்கு மாற்றுத் தொழில் தேடித் தர வேண்டிய அவசியமும் இல்லை. ரிக்ஷா விஷயத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது.

தடை வந்தது, வண்டி நின்றதா?

2005 ஆகஸ்ட் 15 அன்று அப்போதைய முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா கை ரிக்ஷாவுக்கு முடிவு கட்டப்போவதாக அறிவித்தார். மனிதன் வியர்வை சிந்தி இழுக்க இன்னொரு மனிதன் மேலே உட்கார்ந்து போவது மனிதத்தன்மையற்றது என்பது அவர் நிலை. 2006 டிசம்பரில் சட்டமன்றம் 1919 சட்டத்தைத் திருத்தியது. உரிமம் பெற்ற வண்டிகள் அப்போது சுமார் 6,000. உரிமம் இல்லாதவையும் ஏராளம். தொழிற்சங்கம் நீதிமன்றம் போனது. வண்டியை நிறுத்தட்டும், எங்கள் வயிற்றுக்கு வழி என்ன என்பதே அவர்கள் கேள்வி. சட்டம் ஏட்டில் நின்றது. புதிய உரிமங்கள் நின்றுபோயின. ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. 2011-ல் ஆட்சி மாறிய பிறகும் இந்த இரண்டுங்கெட்டான் நிலை மாறவில்லை.

விளைவு விசித்திரமானது. தொழில் சட்டப்படி வளரவும் முடியாது, சாகவும் இல்லை. இளைஞர்கள் வருவது குறைந்துவிட்டது. இழுப்பவர்களில் தலை நரைத்தவர்களே கண்ணில் அதிகம் படுகிறார்கள். எல்லோருக்கும் முன்பாக மோட்டார் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

எழுபத்தைந்து வாட் மனிதன்

உடலுழைப்பில் பழகிய ஒருவர் நாள் முழுவதும் ஓய்வு ஒழிச்சலில்லாமல் தரக்கூடிய சக்தி ஏறத்தாழ 75 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று எரியத் தேவையான அளவு. வங்கத்துச் சிறு நகரங்களில் ‘டோட்டோ’ என்ற பெயரில் ஓடும் பேட்டரி ரிக்ஷாவின் மோட்டார் சுமார் 1,000 வாட். அதாவது 13 பேர் ஒன்றாக இழுப்பதற்குச் சமம். 2014 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி பேட்டரி ரிக்ஷாவின் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நான்கு பயணிகளையும் 40 கிலோ சாமானையும் ஏற்றலாம். கை ரிக்ஷாவில் இரண்டு பேர் உட்கார்ந்தாலே ஏர்க்கால் பிடித்தவரின் முதுகும் முழங்காலும் கணக்குச் சொல்லிவிடும்.

மோட்டாரின் நன்மையை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் அதிக சவாரி. அறுபது வயதிலும் ஓட்டலாம். தார் உருகும் மே மாதத்தில் வெறுங்காலோடு ஓட வேண்டாம். புகை இல்லை, சத்தம் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுநரும் பயணியும் ஒரே வண்டியில், ஒரே உயரத்தில் உட்காருகிறார்கள். கை ரிக்ஷாவில் ஏறக் கூச்சப்படுகிறவர்கள் டோட்டோவில் கூச்சமில்லாமல் ஏறுகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

மறுபக்கம்

முதலில் எடை. பெரும்பாலான டோட்டோக்களில் சீட்டுக்கு அடியில் நான்கு ஈய பேட்டரிகள் இருக்கும். ஒவ்வொன்றும் 25 முதல் 30 கிலோ. ஆக 100 கிலோவுக்கு மேல். வண்டி தன் சாப்பாட்டு மூட்டையையே இரண்டு பயணிகளின் எடைக்குச் சுமந்துகொண்டு போகிறது. முழுதாக சார்ஜ் ஏற எட்டு, பத்து மணி நேரமும் ஆறேழு யூனிட் மின்சாரமும் வேண்டும். டேராவில் அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கும்? பேட்டரியின் ஆயுளும் பல சமயம் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதித்ததை வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். செத்த பேட்டரிகள் போய்ச் சேரும் பட்டறைகளில் ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்கினால் அந்த நஞ்சு அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் சேரும். புகையில்லாத வண்டி என்று சொல்லும்போது இந்தப் புகையையும் சேர்த்தே பேச வேண்டும்.

இரண்டாவது மழை. 2025 செப்டம்பர் 23 அன்று கொல்கத்தாவில் ஓரிரவில் 250 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்தார்கள். அந்த மாதிரி நாட்களில் தரையோடு ஒட்டி ஓடும் சின்னச் சக்கர வண்டி, அதுவும் மோட்டாரையும் ஒயர்களையும் அடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரில் இறங்குவது கஷ்டம். கை ரிக்ஷாவின் சக்கரம் பெரியது, உயரமானது. நனைந்து கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை, இழுப்பவரின் உடம்பைத் தவிர.

மூன்றாவது சந்து. படாபஜாரிலும் பௌபஜாரிலும் இருக்கிற சந்துகளில் இரண்டு சக்கர வண்டியை நின்ற இடத்திலேயே திருப்பிவிடலாம். மூன்று சக்கரத்துக்கு வளைய இடம் வேண்டும். சந்தை விட்டுப் பெரிய சாலைக்கு வந்தாலோ போலீஸ் தடை. டோட்டோக்கள் பெருகிவிட்டன, போக்குவரத்து நகரவில்லை என்ற புகார் வங்கத்தின் ஊர் ஊருக்கும் உண்டு.

பொருத்துவதா, மாற்றுவதா?

இருக்கிற வண்டியிலேயே ஒரு சின்ன மோட்டாரை மாட்டிவிட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. கை ரிக்ஷாவில் அது முடியாது. இரண்டு சக்கர வண்டியை நிமிர்த்திப் பிடிப்பது இழுப்பவரின் கை. பிரேக் அவருடைய கால். ஹாரன் அந்த மணி. அவரை எடுத்துவிட்டால் வண்டி பின்னால் சாய்ந்துவிடும். எனவே மோட்டார் என்றாலே வேறு வண்டி என்று அர்த்தம்.

மிதிவண்டியில் முடியும். முடிந்ததன் பலனையும் பார்த்திருக்கிறோம். சென்னையில் மீன்பாடி வண்டிக்குப் பழைய ஸ்கூட்டர் இன்ஜினைப் பூட்டினார்கள். வங்காளக் கிராமங்களில் மூன்று சக்கர மிதிவண்டிக்கு வயலில் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினைப் பூட்டி ‘வேனோ’ என்றார்கள். மிதிக்கும் வேகத்துக்காகச் செய்த சட்டமும் பிரேக்கும் இன்ஜின் வேகத்தைத் தாங்குவதற்கல்ல. இரண்டுமே சட்டத்துக்கு வெளியே ஓடியவை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கிடையாது.

முறையாகச் செய்த முயற்சியும் ஒன்று உண்டு. துர்காப்பூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் ‘சோலெக்ஷா’ என்ற வண்டியை உருவாக்கியது. மிதிக்கவும் செய்யலாம், மேடு வந்தால் மோட்டார் கைகொடுக்கும். பேட்டரிக்குச் சூரிய ஒளியில் சார்ஜ். 2008 அக்டோபர் 2 அன்று டில்லி சாந்தினி சௌக்கில் பெரிய எதிர்பார்ப்போடு அறிமுகமானது. மனிதனையும் மோட்டாரையும் கூட்டாளியாக்கிய நல்ல யோசனை. ஆனால் தெருவைப் பிடித்துக்கொண்டது அதுவல்ல. மிதிக்கவே தேவையில்லாத டோட்டோ வகை வண்டிகள் வெள்ளம்போல் வந்து இடத்தை நிரப்பிவிட்டன.

இங்கே மேலைநாட்டு உதாரணம் ஒன்று உதவும். பிரிட்டன் போன்ற நாடுகளில் விடுமுறைக்குக் கிளம்புகிற குடும்பங்கள் படுக்கையும் அடுப்படியும் கொண்ட சக்கர வீடு ஒன்றை காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும். காரவான் என்பார்கள். போய்ச் சேர்ந்ததும் காரைக் கழற்றிவிட்டு அந்த ஒரு டன் வீட்டை மூலையில் ஒதுக்கி நிறுத்த வேண்டும். முன்பு கையால் தள்ளினார்கள். இப்போது சக்கரத்தில் உருளையை அழுத்திச் சுழற்றும் சின்ன மின்மோட்டாரைப் பொருத்திக்கொள்கிறார்கள். அதற்கும் ஒரு சாதக பாதகப் பட்டியல் உண்டு. முதுகு தப்பிக்கும், வயதானவரும் தனியாக நிறுத்தலாம். ஆனால் விலை அதிகம், பேட்டரி தீரும், மோட்டாரின் எடைக்கு ஈடாக உள்ளே வைக்கும் சாமானைக் குறைக்க வேண்டும்.

பட்டியல் கிட்டத்தட்ட நம்முடையதே. ஒரே ஒரு வித்தியாசம். அங்கே தள்ளுகிறவரே சொந்தக்காரர். மோட்டார் வாங்கினால் அவர் முதுகுக்கு லாபம், செலவும் அவருடையது. வேண்டுமா வேண்டாமா என்று அவரே முடிவு செய்கிறார். கொல்கத்தாவில் முதுகு ஒருவருடையது, வண்டி இன்னொருவருடையது. ஒன்றரை லட்சம் ரூபாய் அளவுக்கு விலை போகும் பேட்டரி வண்டியை இழுப்பவரால் வாங்க முடியாது. வாங்கக்கூடியவர் அதை ஓட்ட நரைத்த இழுவைக்காரரை ஏன் தேட வேண்டும்? ஓட்டுநர் உரிமம் உள்ள உள்ளூர் இளைஞர் கிடைக்கும்போது, உள்ளூர் முகவரிச் சான்றுகூட இல்லாத பீகார்க்காரர் எதற்கு? முதுகு வலி தீரும், கூடவே பிழைப்பும் தீரும்.

சென்னை செய்தது

இந்தக் கேள்வியைத் தமிழ்நாடு முன்பே சந்தித்தது. 1971-ல் தமிழ்த் திரையில் இரண்டு பெரிய நடிகர்களும் ரிக்ஷாக்காரர்கள். ‘ரிக்ஷாக்கார’னில் எம்.ஜி.ஆர். மிதித்தது சைக்கிள் ரிக்ஷா. ‘பாபு’வில் சிவாஜி இழுத்தது கை ரிக்ஷா. இரண்டே ஆண்டுகளில், 1973-ல், மு. கருணாநிதியின் அரசு கை ரிக்ஷாவை ஒழித்தது. ஒழித்ததோடு நிற்காமல், இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்ஷாக்களை வழங்கியது. சைக்கிள் மிதிப்பதும் உடலுழைப்புதான். பிறகு ஆட்டோ வந்து அதையும் ஓரங்கட்டியது. ஆனாலும் மாறிய நாளன்று இழுத்தவரின் கை வெறுங்கையாக இல்லை. கொல்கத்தாவில் அறிவிப்பு வந்தது, சட்டம் வந்தது, மாற்று வண்டி இழுப்பவர் கைக்கு வரவில்லை. ஓரிடத்தில் காரியம் முடிந்ததற்கும் இன்னோரிடத்தில் இழுத்தடிப்பதற்கும் இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம்.

உச்ச நீதிமன்றமும் இதே பக்கம்தான் கை காட்டியிருக்கிறது. அமிர்தசரஸ் ரிக்ஷா தொழிலாளர்களின் வழக்கு 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் முன் வந்தது. ரிக்ஷா உரிமம் ஓட்டுகிற சொந்தக்காரருக்கே என்று பஞ்சாப் சட்டம் சொன்னது. நல்ல சட்டம், ஆனால் சொந்தமாக வாங்க ஏழையிடம் பணம் ஏது? வங்கிக் கடன் கிடைக்க வழிசெய்யும் திட்டத்தை நீதிமன்றமே வகுத்துக் கொடுத்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்ட் 6 அன்று, மகாராஷ்டிரத்தின் மாதேரான் மலையூர் வழக்கில் தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு அந்தத் தீர்ப்பை நினைவுகூர்ந்தது. மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லாத அந்த ஊரில் மனிதர் இழுக்கும் ரிக்ஷாக்களை ஆறு மாதத்துக்குள் படிப்படியாக நிறுத்த உத்தரவிட்டது. பேட்டரி ரிக்ஷாக்களை அரசே வாங்கி, இதுவரை இழுத்தவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் திட்டத்தைத் தீட்டச் சொன்னது. பணமில்லை என்ற சாக்கு கூடாது என்றும் சொன்னது.

மாதேரானில் இழுப்பவர்கள் நூற்றுக்கும் குறைவு. கொல்கத்தாவில் அதைப்போல் பல மடங்கு. ஆனால் வழி ஒன்றுதான். வண்டியின் உரிமம் இழுத்தவர் பெயரில் வர வேண்டும். முதல் பேட்டரிக்கு மட்டுமல்ல, இரண்டாவது பேட்டரிக்கும் கடன் ஏற்பாடு வேண்டும். சார்ஜ் செய்ய டேராவுக்குப் பக்கத்தில் பொது இடம் வேண்டும். இன்று எந்தச் சந்தில் இழுக்கிறாரோ அந்தச் சந்தில் ஓட்ட அனுமதி வேண்டும். மோட்டார் ஓட்டும் வயதைக் கடந்தவருக்கு ஓய்வூதியம் வேண்டும். இவ்வளவும் செய்தாலும் மழைத் தண்ணீரில் டோட்டோ நிற்கத்தான் நிற்கும். அதற்கு மருந்து சாக்கடையைச் சரிசெய்வதே. நகராட்சி செய்ய வேண்டிய வேலையை ஒரு ஏழையின் இரண்டு கால்கள் எத்தனை வருடம் செய்யும்?

பாரம்பரியம் என்று சொல்லி கை ரிக்ஷாவைக் காப்பாற்ற விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை ஏர்க்காலைப் பிடித்து, இரண்டு பேரை ஏற்றி, காலேஜ் தெருவிலிருந்து சியால்டா வரை இழுத்துப் பார்க்கலாம். மோட்டார் வரட்டும் என்று அவசரப்படுகிறவர்கள் ஒரு மாலை டேராவில் உட்கார்ந்து, ஊருக்கு அனுப்பும் பணத்தை எண்ணிப் பார்க்கலாம். இரண்டையும் செய்தவர்கள் எழுதுகிற திட்டம்தான் தெருவுக்கு வரும். அதுவரை அடுத்த மழையில், டன்டனியாவில், தண்ணீருக்கு நடுவே அந்த மணி ஒலிக்கும். நாமும் கையைத் தட்டி அவரைத்தான் கூப்பிடுவோம்.